தடை என்று எழுதாததைச் செய்யலாமா? ஸ்பெக் மியாட்டா விதிகள் பற்றி

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் 1995ஆம் ஆண்டு மாடல் மாஸ்டா மியாட்டா (திறந்த கூரைச் சிறு கார்) ஒன்றை வாங்கி, நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அதை ஸ்பெக் மியாட்டா பந்தயக் காராக, அதாவது எல்லோரும் ஒரே விதிப்படி கட்டிய மியாட்டாவையே ஓட்டும் பிரிவுக்கான காராக, மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டின் உட்புறத்தில் இருக்கும் வார்ப்புப் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கலாமா? நண்பர் சொல்வதுபோல் 1999 மாடலின் சிலிண்டர் ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடி, வால்வுகள் இருக்கும் பகுதி) பொருத்தலாமா? காரின் எடையைக் கூட்டும் எடைக் கட்டி வைப்பதற்காகப் பயணியின் பக்கத் தரை முழுவதும் ஒரு தடித்த இரும்புத் தகட்டை வெல்டு செய்யலாமா? இந்த மூன்றுக்கும் கடைசியில், "விதிப்புத்தகம் முழுவதும் தேடிவிட்டேன், கூடாது என்று எங்குமே இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியைத்தான்: தடை என்று எழுதாததைச் செய்யலாமா?

கூடாது. மூன்றுமே கூடாது. ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அந்த வேறுபாடு பிடிபட்டால் நீங்கள் இனிக் கேட்கப்போகும் முப்பது கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோவையில் லேத் பட்டறையில் தொழில் கற்றவன். இங்கே கலிஃபோர்னியாவுக்கு வந்தபின் பதினோரு ஆண்டுகளாக வார இறுதிகளில் தண்டர்ஹில், சோனோமா, லகுனா செக்கா ஓடுகளங்களில் காரைப் பரிசோதிக்கும் தன்னார்வலர்களில் ஒருவனாக நிற்கிறேன். நடுவே நான்கு ஆண்டுகள் சொந்தமாக ஒரு ஸ்பெக் மியாட்டா ஓட்டினேன். பெரும்பாலும் கடைசி வரிசையில். விதி எழுதும் குழுவில் நான் இருந்ததில்லை. இன்ஜின் கட்டுவதைத் தொழிலாகச் செய்ததும் இல்லை. ஆகவே "இது விதி" என்று நான் சொல்லும் இடங்களையும் "இது என் கருத்து" என்று சொல்லும் இடங்களையும் பிரித்தே படியுங்கள். ஸ்பெக் மியாட்டா பந்தயங்களை இரண்டு பெரிய சங்கங்கள் நடத்துகின்றன. ஒன்று 1944இல் தொடங்கிய எஸ்சிசிஏ, அதாவது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. மற்றொன்று நாசா, விண்வெளிக்குப் போகும் நாசா இல்லை, நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன். இரண்டின் விதிகளும் பெரும்பாலும் ஒத்துப்போகும், முழுக்க ஒத்துப்போகா. நான் பழகியது எஸ்சிசிஏ புத்தகம்.

அந்தப் புத்தகத்தை நீங்கள் சாலை விதிகளைப் படிப்பதுபோல் படித்திருக்கிறீர்கள். சாலையில் "இங்கே நிறுத்தக்கூடாது" என்று பலகை இல்லாவிட்டால் நிறுத்தலாம். ஸ்பெக் பிரிவின் விதிகள் இதற்கு நேர்மாறானவை. கார் மாஸ்டா தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பதுதான் தொடக்கம். அதிலிருந்து எங்கெங்கே விலகலாம் என்ற பட்டியல்தான் புத்தகத்தின் மீதி. பட்டியலில் இல்லாதது எதுவும் அனுமதி இல்லாதது. இங்கே பரிசோதனைக் கூடாரத்தில் எல்லோரும் மந்திரம்போல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: செய்யலாம் என்று சொல்லாவிட்டால் செய்யக்கூடாது. கல்யாண வீட்டில் பந்திக்குப் பரிமாறியதைச் சாப்பிடலாம். பரிமாறாததை எடுக்க அடுப்படிக்குள் நுழைய முடியாது. அப்படித்தான்.

இதை நான் சொன்னதும் புதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேட்பார்கள்: "உப்புத்தாளுக்கு என்ன சார் செலவு? இதில் யாருக்கு நஷ்டம்?" நியாயமான கேள்விதான். உங்களுக்குச் செலவு இல்லை. ஆனால் நீங்கள் கையால் தேய்த்தால், அடுத்தவர் பட்டறையில் கொடுத்துத் தேய்ப்பார். அதற்கடுத்தவர் காற்றோட்டத்தை அளக்கும் கருவியில் வைத்து எங்கே எத்தனை மைக்ரான் தேய்க்க வேண்டும் என்று பார்த்துத் தேய்ப்பார். மூன்றாவது ஆண்டில் அந்த வேலையைச் செய்யாத கார் முன்வரிசைக்கே வராது. ஆளாளுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் செலவழித்து, எல்லோரும் பழைய இடத்திலேயே நிற்பார்கள். ஸ்பெக் பிரிவு பிறந்ததே இந்தச் செலவுப் போட்டியை மூடத்தான். இந்தியாவிலும் இதே யோசனைதான். எங்கள் ஊர்க்காரர் கரிவரதன் 1988இல் மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே மலிவான இன்ஜின், மிச்சம் ஓட்டுபவர் கையில். செட்டிப்பாளையத்தில் அவர் பெயரில் இருக்கும் ஓடுகளத்துக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு நடை போய்வருவேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மியாட்டாவில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. 1990 முதல் 2005 வரை வந்த கார்கள் எல்லாம் ஒரே பிரிவில் ஓடுகின்றன. ஆனால் அவை ஒரே கார் இல்லை. 1990 முதல் 1993 வரை 1.6 லிட்டர், 116 குதிரைசக்தி. 1994இல் 1.8 லிட்டர் வந்தபோது 128. 1999இல் 140. இந்த வித்தியாசத்தைச் சமன் செய்ய ஒவ்வொரு ஆண்டுக் காருக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச எடை வகுத்திருக்கிறார்கள். புதிய கார்களின் இன்டேக் வழியில் காற்றைக் குறைக்கும் துளைத் தகடு ஒன்றையும் போடச் சொல்கிறார்கள். எடை என்றால் ஓட்டுநரோடு சேர்த்து, பந்தயம் முடிந்து இறங்கும் நிலையில். இந்த எண்களை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் இங்கே எழுதவில்லை. நீங்கள் படிக்கும் நாளில் புத்தகத்தில் உள்ளதுதான் சரி.

உங்கள் நண்பர் சொல்லும் 1999 ஹெட் ஏன் கூடாது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. அவர் சொல்வது பொய் இல்லை. 1994 முதல் 1997 வரையிலான 1.8 இன்ஜினில் 1999 ஹெட்டைப் பொருத்துவது சாலையில் ஓட்டுபவர்களிடையே புகழ்பெற்ற மாற்றம். அதன் இன்டேக் போர்ட், அதாவது ஹெட்டுக்குள் காற்று நுழையும் வழி, மேலானது. அதனால்தான் 1999 கார் கூடுதல் எடை சுமக்கிறது. அந்த ஹெட்டைப் போட்டுக்கொண்டு 1995 காரின் எடையில் ஓடினால், ஒருவர் சாப்பாட்டுக்கு இன்னொருவர் பணம் கட்டியது போலாகும். இது நிச்சயமான விஷயம், விவாதத்துக்கே இடமில்லை. மாஸ்டாவின் அசல் பாகமாக இருந்தால் மட்டும் போதாது. உங்கள் ஆண்டுக் காருக்கு உரிய அசல் பாகமாக இருக்க வேண்டும். பழைய காரை வாங்குபவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இதுதான். முந்தைய உரிமையாளர் முப்பது ஆண்டுகளில் எதை எதிலிருந்து கழற்றி மாட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது தரைத் தகடு. இது வேறு வகை. எடைக் கட்டி வைக்க அனுமதி உண்டு. எடை குறைவான ஓட்டுநர் குறைந்தபட்ச எடையை எட்ட அதை வைத்துத்தான் ஆக வேண்டும். அதைப் போல்ட் போட்டு இறுக்கவும் வேண்டும். விபத்தில் கழன்று பறந்தால் அது பீரங்கிக் குண்டு. ஆனால் நீங்கள் கேட்பது தரை முழுவதும், கதவடிச் சட்டத்திலிருந்து நடு மேடு வரை, வெல்டு செய்த தகடு. அது எடையைத் தாங்குவதோடு காரின் உடலையும் விறைப்பாக்குகிறது. நிலையான மேற்கூரை இல்லாமல் உருவான இந்தக் காருக்கு விறைப்பு ஒரு வரப்பிரசாதம். எஸ்சிசிஏ விதிகளில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஒரு பாகமோ மாற்றமோ, அதோடு சேர்த்து அனுமதிக்கப்படாத இன்னொரு வேலையையும் செய்யக்கூடாது என்பது அதன் பொருள். என்னைக் கேட்டால் முழுப் புத்தகத்திலும் மிக முக்கியமான வாக்கியம் அதுதான். ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. அந்த நோக்கத்தின் எல்லையோடு அனுமதி முடிந்துவிடுகிறது. ஓட்டுநரைச் சுற்றிக் குழாய்களால் கட்டும் கூண்டான ரோல் கேஜிலும் இதைப் பார்க்கலாம். கூண்டு உங்கள் உயிரைக் காக்க. அதே கூண்டைக் காரின் உடலோடு இருபது இடத்தில் பிணைத்தால் அது சஸ்பென்ஷனுக்கு உதவும் சட்டகம். அதனால்தான் கூண்டு உடலோடு சேரும் இடங்களுக்குப் புத்தகம் உச்சவரம்பு வைத்திருக்கிறது.

கூண்டு பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்யும் வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், குழாயின் விட்டமும் சுவரின் கனமும் உங்கள் காரின் எடை வகுப்புக்கு ஏற்றவையா என்று பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே பாருங்கள். கனத்தை அளப்பதற்கென்று குழாயில் ஒரு சிறு துளை போட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தத் துளை இல்லாமல், பளபளவென்று பெயிண்ட் அடித்த கூண்டோடு விடிகாலையில் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்களிடம் துளைக்கருவி இருக்கும். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் முடியாது.

இனி உப்புத்தாள். மூன்றில் எளியதாகத் தோன்றுவது, உண்மையில் ஆழமானது. மேனிஃபோல்டைத் தேய்க்க அனுமதி இல்லை என்பது தெளிவு. தெளிவில்லாதது இன்னொன்று: "தொழிற்சாலை நிலை" என்றால் என்ன? வார்ப்பு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே அச்சில் வார்த்த இரண்டு துண்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் பிசிறு தூக்கலாக இருக்கும், ஒன்றில் உள்மையம் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். ஹெட்டில் வால்வு வந்து அமரும் இடமான வால்வு சீட்டை வெட்டும் இயந்திரக் கருவி கொஞ்சம் ஆழமாக இறங்கினால், வெட்டிய பரப்பும் வார்த்த பரப்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு கூர் விளிம்பு வரும். தொழிற்சாலையிலேயே இது ஹெட்டுக்கு ஹெட் மாறும். பந்தய இன்ஜின் கட்டுபவர்கள் சீட்டைப் புதுப்பிக்கும்போது அதே வெட்டை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தி, அந்த விளிம்பையும் லேசாக இழைத்துவிட்டால்? காற்று வளைந்து திரும்பும் அந்த உள்வளைவுதான் போர்ட்டிலேயே விலைமதிப்பான இடம்.

இது கற்பனை இல்லை. 2014இல் லகுனா செக்காவில் நடந்த எஸ்சிசிஏ ரன்ஆஃப்ஸ் தேசியப் போட்டியில், ஸ்பெக் மியாட்டா பந்தயம் முடிந்து ஹெட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது, முன்னால் வந்த கார்களில் பலவற்றில் இந்த இடத்தில்தான் விதிமீறல் கண்டார்கள். முன்வரிசைக்காரர்கள் பலர் தகுதி இழந்தார்கள். பெரும் சர்ச்சை. இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள் என்று ஒரு சாரார். எல்லோரும் செய்வதால் அது விதியாகிவிடுமா என்று மறு சாரார். அதன் பிறகு அந்த இடத்துக்கான விதியைத் திருத்தி, எது எவ்வளவு என்று தெளிவாக எழுத வேண்டியதாயிற்று. அந்த ஓட்டுநர்களில் எத்தனை பேர் தங்கள் ஹெட்டுக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்? பலரும் பெயர்பெற்ற கடையில் பணம் கொடுத்து வாங்கி மாட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் புத்தகத்தில் பொறுப்பு காரை ஓட்டக் கொண்டுவந்தவருடையது. கடைக்காரர் செய்தார் என்பது விளக்கம் ஆகலாம், வாதம் ஆகாது.

எனக்கே நடந்தது. என் இரண்டாவது ஆண்டில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கினேன். "முழுக்க விதிப்படி" என்று எழுத்து மூலம் உறுதி கொடுத்திருந்தார்கள். ஒரு பந்தயம் முடிந்து, என்னோடு வேலை செய்யும் சக பரிசோதகரே ஸ்பார்க் பிளக் துளையில் கருவியைப் பொருத்தி சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அமுக்க விகிதத்தை அளந்தார். எங்கள் கூடாரத்தில் அந்தக் கருவியை விசிலர் என்போம். இன்ஜினைப் பிரிக்காமலே சிலிண்டருக்குள் இருக்கும் கொள்ளளவை ஒலியைக் கொண்டு கணக்கிடும். 1994 முதல் 1997 வரையிலான 1.8 இன்ஜினுக்குத் தொழிற்சாலை சொன்ன விகிதம் 9.0. என்னுடையது அனுமதித்த எல்லையைத் தாண்டி நின்றது. முன்பு யாரோ ஹெட்டின் அடிப்பரப்பை அளவுக்கு மீறிச் சீவியிருக்கிறார்கள். பதினெட்டாவதாக வந்த எனக்கு அதனால் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. இருந்தாலும் தகுதி போனது. வாங்கிய அன்றே அளந்திருந்தால் பத்து நிமிட வேலை. பரிசோதகன் வீட்டில் பரிசோதனை இல்லை என்று இரண்டு வருடம் கேலி செய்தார்கள்.

இதுவரை சொன்னவை நிச்சயமானவை. இனி மங்கலான பகுதி. பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் நடுவே கோடு எங்கே? ஸ்பார்க் பிளக் துளையின் மரை தேய்ந்துபோனால் உள்ளே புது மரைச் சுருள் செருகுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கும் வேலை. அசல் அளவுக்கே திரும்பக் கொண்டுவருகிறீர்கள், வேகம் கூடவில்லை. நான் பரிசோதகனாக அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். இன்னொருவர் "அசல் அலுமினியத்தில் துளை பெரிதாக்கியிருக்கிறீர்கள்" என்று எழுதலாம்; அவர் தவறு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. போல்ட், நட் போன்றவற்றை அதே பிணைக்கும் வேலை செய்யும் வேறு போல்ட், நட்டால் மாற்றலாம் என்பது பிரச்சினை இல்லாத இடம். ஆனால் அதே போல்ட்டின் கழுத்தைக் கொஞ்சம் மெலிதாக்கி, சஸ்பென்ஷன் கையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்திக்கொள்ள வழி செய்தால் அது பிணைக்கும் வேலை மட்டும் செய்யவில்லை. மறுபடியும் அதே வாக்கியம்.

இப்படி மங்கலான இடம் வரும்போது நான் எனக்கு வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இது விதி இல்லை, என் பழக்கம். செய்த வேலையைப் பக்கத்துக் கொட்டகையில் என்னோடு போட்டியிடுபவரைக் கூப்பிட்டு நானே காட்டுவேனா? காட்டுவேன் என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர் வரும்போது பானெட்டை மூடத் தோன்றினால், புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை.

சந்தேகம் பெரிதாக இருந்தால் வழி இருக்கிறது. கட்டணம் செலுத்தி, எழுத்து மூலம் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கலாம். விதியே சரியில்லை என்று தோன்றினால் எஸ்சிசிஏவின் பந்தய விதிக் குழுவுக்கு எந்த உறுப்பினரும் கடிதம் எழுதலாம். முடிவுகளை மாத அறிக்கையில் வெளியிடுவார்கள். அந்த மாத அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். ஜனவரியில் அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆகஸ்டில் காரைக் கட்டிக் கொண்டுவருபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். பந்தயக் களத்தில் பரிசோதகர் வாய்மொழியாக "பரவாயில்லை, ஓட்டுங்கள்" என்று சொன்னதை ஆதாரமாக எண்ணாதீர்கள். அவர் நானாகவே இருந்தாலும். காலையில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் பாதுகாப்பு: பெல்ட், கூண்டு, தீயணைப்பான், ஹெல்மெட். அதில் தேறியதால் இன்ஜின் விதிப்படி இருக்கிறது என்று ஆகாது.

அந்த மூன்று கேள்விகளோடு, போட்டியாளர் ஒருவர் உங்கள் காரின் மேல் புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். பிரித்துப் பார்க்கும் செலவுக்கு அவர் முன்பணம் கட்ட வேண்டும். கார் விதிப்படி இருந்தால் அந்தப் பணம் பிரித்து மாட்டும் செலவுக்காக உங்களுக்கு வரும். இல்லையென்றால் செலவு உங்கள் தலையில். பிரிக்கும்போது எது அசல் என்று முடிவு செய்யப் பார்ப்பது உங்கள் ஆண்டுக் காருக்கான மாஸ்டாவின் தொழிற்சாலைப் பழுதுபார்ப்புக் கையேட்டை. அதை வைத்திருக்க வேண்டியதும் உங்கள் கடமை. இணையத்தில் யாரோ போட்ட அட்டவணை செல்லாது. நான் இங்கே எழுதியிருப்பதும் செல்லாது.

செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். விதி அனுமதிக்கும் எல்லைக்குள்ளேயே உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. விதி சொல்லும் ஸ்பிரிங்குகள் எல்லோருக்கும் ஒன்றே, முன்னால் அங்குலத்துக்கு 700 பவுண்டு, பின்னால் 325. டயரும் ஒன்றே. சக்கரம் 15க்கு 7 அங்குலம். ஆனால் உயரம், சக்கரச் சாய்வு, நான்கு மூலைகளிலும் எடை எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதெல்லாம் உங்கள் கையில். தராசு நான்கை இரவல் வாங்கி, ஓட்டுநரை உட்கார வைத்து ஒரு முழு நாள் செலவிடுங்கள். மேனிஃபோல்டைத் தேய்த்து நீங்கள் எதிர்பார்க்கும் வேகத்தைவிட அதில் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம். ஏசியைக் கழற்றலாம், அதற்கு அனுமதி இருக்கிறது. கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் புத்தகத்தின் எந்தப் பத்தி இடம் கொடுக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்தி எண் கிடைக்காத பொருள் காரிலேயே இருக்கட்டும்.

உங்கள் கேள்வியில் "தேய்க்கலாமா" என்று இருக்கிறது, ஆனால் இணைத்திருக்கும் படத்தில் மேனிஃபோல்டின் ஒரு வாய் ஏற்கெனவே கொஞ்சம் பளபளக்கிறது. ஒளியால் அப்படித் தெரிகிறதோ என்னவோ. தொட்டுவிட்டீர்கள் என்றால் அதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். 1994 முதல் 1997 வரையிலான காரின் மேனிஃபோல்ட் பழைய கார் உடைக்கும் இடங்களில் இன்னும் கிடைக்கிறது. போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். உள்ளே பிசிறு இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.